இணைப்பு ஏழு

கொக்கிரகுளம் ஆட்சியரகத்தில்
கருத்துக் கேட்புக் கூட்டம், காலை பத்தரைக்கு.
என் வேலை சொன்னதை எழுதுவது.
'மேற்படி'க்கு ஒரு கோடு,
'மாண்புமிகு'வுக்குப் பாதிக் கோடு,
'தேச நலன்' வந்தால் பென்சில் தானே வளையும்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அணுமின் நிலையத்துக்குப் புதிதாய் இரண்டு அலகு.
அறிக்கை ஆங்கிலத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பக்கம்,
தமிழில் சுருக்கம் இருபத்தாறு.
ஒரு மாதம் மாடி அலமாரியில்
பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தோம்.
சாவி கண்காணிப்பாளர் மேசையில்.
அவர் மூன்று வாரம் விடுப்பு.

படிவத்தில் மூன்று கட்டம்:
ஆதரவு, எதிர்ப்பு, ஆலோசனை.
ராதாபுரத்து வாழைக்காரர் லிங்கத்துரை எழுந்து,
'கரண்டு வரட்டும் சார், வேண்டாம்னு சொல்லல்ல.
எங் கிணத்துத் தண்ணிய மட்டும்
வருசாவருசம் யாரு பாப்பான்னு சொல்லுங்க' என்றார்.
ஆதரவில் போட்டேன்.
அடித்துவிட்டு ஆலோசனையில் போட்டேன்.
அவர் உட்காராமல் நின்றார்,
பதில் வரும் என்று.

ஆடிக் கச்சான் அடித்து
வள்ளம் இறங்காத நாள்,
கடற்கரையே பஸ் ஏறி வந்திருந்தது.
அறுபத்து மூன்றாம் டோக்கன் சலேத்தம்மாள்.
மெழுகுத்துணி சுற்றிய நீள நோட்டு.
மைக்கைத் தட்டிப் பார்க்கவில்லை,
ஏலம் கூறிய தொண்டை.

'பதினாலாம் பக்கத்துல
கடலடி வெறும் மணலு,
குறிப்பிடத்தக்கது ஏதும் இல்லன்னு போட்டிருக்கு.
நானும் கணக்கு எழுதுதவதான் ஐயா.
எந்த மீனு எந்தப் பாருல பட்டதுன்னு
பத்தொம்பது வருசமா எழுதுதேன்.
கேட்டுக்கிடுங்க.
தொம்மைப் பாரு.
குருசடி நேர்ப் பாரு.
ரெட்டை மடை.
உறங்காப் பாரு.
சிங்கி றாலு கிடக்க சாச்சப் பாரு...'

'அம்மா, ரெண்டு நிமிஷம்தான்.'
'முப்பத்தெட்டு இருக்கு. அஞ்சுதான் ஆச்சு.'

கடலுக்குள் கிடக்கும் பாறைக்குச்
சுருக்கெழுத்தில் அடையாளம் கிடையாது.
ஒவ்வொன்றாய் எழுத்துக் கூட்டினேன்,
ஒன்றாம் வகுப்பில் போல.
மணிக்கட்டு நொந்தது.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
இருபதாவது பாரில் சிரிப்பு நின்றது.
முடித்து, நோட்டை மூடி, கேட்டாள்:

'உலையக் குளுர வச்ச வெந்நி
இதுல எது எதுக்கு மேல போவும்?'

மேடையில் தாள்கள் புரண்டன.
நிபுணர் தண்ணீர் குடித்தார்.
அதுவும் வீடியோவில் பதிவாகியிருக்கும்.
'அறுபத்து நாலு' என்று கூப்பிட்டார்கள்.

'எழுப்பப்பட்ட ஐயங்களுக்கு
உரிய விளக்கம் அளிக்கப்பட்டது.'
இந்த வரியை நான் தட்டச்சு செய்யவில்லை.
கூட்டம் நடக்கும் முன்பே அது படிவத்தில் இருந்தது.
ராத்திரி தனித்தாள் ஒன்று செருகி
முப்பத்தெட்டையும் அடித்தேன்.
தலைப்பு: இணைப்பு ஏழு.
ஆறுதான் கேட்டிருந்தார்கள்.
யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில், ஆற்றில் செந்தண்ணீர் போகும்போது,
நகல் கேட்டு வந்தாள்.
வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து
விரல் வைத்துப் படித்தாள்.
'சாச்சப் பாருல ஒரு ச் விட்டுட்டிய.'
திருத்தினேன்.
பக்கத்தைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள்.
'நான் கேட்டது இருக்கு.
அவிய சொன்னது எங்க?'

'ஒன்றும் சொல்லவில்லையே அம்மா.'
'அப்ப அத எழுதுங்க.'
'கையெழுத்தாகி தில்லிக்குப் போயாச்சு.'
'எங் கையில இருக்கதுல எழுதுங்க.'

பதில் இல்லாததற்கு ஒரு புள்ளி போதும் என்பது
எங்கள் பள்ளியில் சொல்லித் தந்தது.
புள்ளி வைக்கவில்லை.
முழு வாக்கியமாய், தேதியோடு,
அவள் கேள்விக்கு நேர் கீழே எழுதினேன்.

மை காய ஊதினாள்.
'முத்திரை வேணும்லா?'

முத்திரை உள்ளே,
கண்காணிப்பாளர் மேசையில்.
அன்றைக்கு அவர் வந்திருந்தார்.